இரண்டாம் அரங்கேற்றம்

பெங்களூரின் வடமேற்கு ஓரத்தில் ஒரு நடன கிராமம். தெற்கே ஒரு நாடக அரங்கு. இரண்டையும் கட்டியவர்கள் தாய்மார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு நான் யார் என்று கேட்கும் பெண்களுக்கு இந்த இரு இடங்களும் சொல்லும் பதில் அத்தனை எளிதானதல்ல.

பெங்களூரிலிருந்து தும்கூர் சாலையில் போகிறவர்கள் எட்டாவது மைலில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். தலைக்கு மேல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. கீழே பீன்யா தொழிற்பேட்டையின் லாரிகள் ஒன்றை ஒன்று உரசாத குறையாக நகர்கின்றன. திரும்பியதும் பாகலகுண்டே, சிக்கபாணாவரா, சோளதேவனஹள்ளி என்று ஊர்கள் வருகின்றன. அவை கிராமம் என்ற பெயரை இழந்து நகரம் என்ற பெயரை இன்னும் முழுதாகப் பெறாதவை. அவற்றைத் தாண்டினால் காற்று மாறுகிறது. யூகலிப்டஸ் மரங்கள், புல்வெளி, ஹெசரகட்டா.

நகரத்தின் மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1890களில் பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் முதலில் இங்கிருந்துதான் போனது. அர்க்காவதி ஆற்றின் குறுக்கே ஏரி கட்டி, சோளதேவனஹள்ளியில் இயந்திரம் வைத்து இறைத்து அனுப்பினார்கள். 1974ல் நகரத்துக்குக் காவிரி வந்தது. ஹெசரகட்டாவை நகரம் மறந்தது. பின்னர் அரசின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் கால்நடைப் பண்ணைக்கும் மட்டுமே இந்த ஊர் பெயர் பெற்றிருந்தது. அந்த அமைதியான பொட்டல் வெளியில்தான் 1980களின் கடைசியில், மும்பையிலிருந்து வந்த ஒரு பெண் கூடாரம் போட்ட மாதிரி தங்கி ஒரு கிராமத்தையே கட்ட ஆரம்பித்தார். அதுதான் நிருத்யகிராம்.

வாசலில் செங்கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய கோயில். உள்ளே கருங்கல்லும் மண்சுவரும் ஓலையும். வளைவுகள் உண்டு, நேர்கோடுகள் குறைவு. கோவாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜெரார்ட் டா குன்யாவின் கைவண்ணம் இது. நடனக் கூடம், படிப்படியாக இறங்கும் திறந்தவெளி அரங்கு, தங்குமிடங்கள், காய்கறிப் பாத்திகள் எல்லாம் கர்நாடக அரசு குத்தகைக்குக் கொடுத்த 10 ஏக்கருக்குள் அடங்கிவிடுகின்றன. வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடக்கிறார்கள். கூடத்திலிருந்து மர்தளத்தின் ஒலியும் பாதங்கள் தரையில் விழும் ஓசையும் கேட்கின்றன. ஒடிசியின் சௌக நிலையில், முழங்கால்களை மடக்கி, உடலின் எடையெல்லாம் தொடையில் இறங்க நிற்பது எவ்வளவு கடினம் என்பது ஜன்னல் வழியே ஐந்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கட்டியவர் பெயர் புரோதிமா பேடி. 1948ல் தில்லியில் பிறந்தவர். இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு தலைமுறைக்கு நினைவுக்கு வருவது நடனமல்ல. 1974ல் ஒரு சினிமா பத்திரிகையில் வெளியாகி நாட்டையே அதிர வைத்த ஆடையில்லாப் புகைப்படம். மாடலிங் உலகின் நட்சத்திரம், நடிகர் கபீர் பேடியின் மனைவி, இரண்டு குழந்தைகளின் தாய். அடுத்த ஆண்டு, 1975 ஆகஸ்டில், மும்பையின் பூலாபாய் நினைவு அரங்கில் இரண்டு இளம் பெண்கள் ஒடிசி ஆடுவதைத் தற்செயலாகப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 26. வாழ்க்கை அன்றோடு திசை மாறியது.

26 வயது என்பது நமக்கு இளமையாகத் தெரியலாம். நடனத்தில் அது முதுமைக்குச் சமம். ஏழு வயதில் சலங்கை கட்டியவர்கள் அந்த வயதில் பெயர் பெற்ற கலைஞர்களாகிவிடுவார்கள். குரு கேளுசரண் மகாபாத்ரா முதலில் தயங்கியதில் வியப்பில்லை. புரோதிமா விடவில்லை. கட்டக்குக்குப் போய், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்தார். மூத்தவள் பூஜாவுக்கு அப்போது ஐந்து வயது. சித்தார்த் அவளைவிட இளையவன். பிள்ளைகள் பம்பாயில், குரு கட்டக்கில்.

இந்த இடத்தில் வாசகிகள் பலரும் ஒரு கணம் நிற்பார்கள். குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் குருவைத் தேடி வீட்டை விட்டுப் போன ஆண் கலைஞர்களின் வரலாற்றில் இந்தக் கேள்வி ஒருபோதும் எழுவதில்லை. அவர்களுடைய பிரிவுக்குத் தவம் என்று பெயர். ஒரு தாய் போனால் அதற்கு வேறு பெயர். புரோதிமா அந்த வேறு பெயரையும் வாங்கிக்கொண்டார். தான் நல்ல தாயா என்ற கேள்வி அவரை விட்டதும் இல்லை. அவர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளையும் கடிதங்களையும் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டு வந்தவர் மகள் பூஜாதான்.

நிருத்யகிராமத்தை 1990 மே 11ம் தேதி பிரதமர் வி.பி. சிங் திறந்து வைத்தார். புரோதிமாவுக்கு அப்போது 41 வயது. ஏழு செவ்வியல் நடனங்களுக்கும் ஏழு குருகுலங்கள், கூடவே களரிப்பயட்டும் சாவ் நடனமும் என்பது திட்டம். மாணவிகள் விடியலில் எழ வேண்டும். கூடத்தைப் பெருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். பிறகு நாள் முழுவதும் நடனம். சுற்றுக் கிராமங்களின் குழந்தைகளுக்கும் வகுப்பு நடந்தது. அப்படிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறுமியாக வந்த பவித்ரா ரெட்டி, பின்னாளில் இந்தக் குழுவோடு உலக மேடைகளில் ஆடும் கலைஞரானார். செலவுக்குப் பணம் வேண்டுமே? 1992ல் பக்கத்திலேயே குடீரம் என்ற சுற்றுலா விடுதியைத் தொடங்கினார். ஆண்டுதோறும் வசந்த ஹப்பா நடந்தது. பெங்களூரிலிருந்து பல்லாயிரம் பேர் போர்வையும் பாயுமாக வந்து விடிய விடிய இலவசமாக இசையும் நடனமும் பார்த்தார்கள். 2000களின் நடுவில் அது நின்றுபோனதை இன்றும் குறையாகச் சொல்லும் பெங்களூர்க்காரர்கள் உண்டு.

திட்டமிட்ட ஏழில் நிலைத்தது ஒடிசிதான். ஆனால் அந்த ஒன்று ஆழமாக வேர் பிடித்தது. முதல் மாணவியான சுருபா சென் கலை இயக்குநரானார். 1993ல் வந்த பிஜாயினி சத்பதி கால் நூற்றாண்டு இங்கேயே ஆடினார், கற்பித்தார். 2012ல் கொழும்பின் சித்ரசேனா நடனக் குழுவோடு சேர்ந்து, ஒடிசியும் கண்டி நடனமும் ஒரே மேடையில் சந்திக்கும் நிகழ்ச்சியை உருவாக்கினார்கள்.

புரோதிமா அதையெல்லாம் பார்க்கவில்லை. மனச்சிதைவு நோயோடு போராடிக்கொண்டிருந்த மகன் சித்தார்த் 1997ல் அமெரிக்காவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். நிருத்யகிராமத்தை மாணவிகளிடம் ஒப்படைத்துவிட்டு, தலையை மழித்துக்கொண்டு, புரோதிமா கௌரி என்ற பெயரோடு அவர் இமயத்தை நோக்கிப் போனார். 1998 ஆகஸ்டில் கைலாஷ் மானசரோவர் யாத்திரையில், மால்பா என்ற இடத்தில் நள்ளிரவில் மலை சரிந்தது. இறந்த 200க்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். வயது 49. ஹெசரகட்டாவில் நடக்கும்போது இதையும் தெரிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். தேடிக் கண்டடைந்த வாழ்க்கை எந்தத் துக்கத்துக்கும் காப்பீடு அல்ல. ஆனால் கூடத்தில் பாதங்களின் ஓசை ஒரு நாளும் நிற்கவில்லை.

புரோதிமாவின் கதையில் ஒரு சென்னை மாமியும் வருகிறார். ஒடிசியை ஓரளவு கற்ற பிறகு, அபிநயத்தில் தன் குறையை உணர்ந்த புரோதிமா தேடிப் போனது கலாநிதி நாராயணனை. தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். ஏனென்றால் தாய்மைக்குப் பிறகான இரண்டாம் வாழ்க்கைக்கு, புரோதிமாவைவிட நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான உதாரணம் அவர்தான்.

1928ல் பிறந்த கலாநிதி, பிராமணக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறுவது வதந்திக்கு இடம் தந்த காலத்தில், ஏழு வயதில் நடனம் கற்க ஆரம்பித்தவர். காரணம் அவருடைய அம்மா. மகளுக்குச் சிறந்த பயிற்சி கிடைக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாள், சின்னையா நாயுடு போன்றவர்களிடம் அபிநயம். வீணை தனம்மாளின் மகள் காமாட்சி அம்மாளிடம் பதங்களும் ஜாவளிகளும். பதினாறு வயதுக்குள் எல்லாம் முடிந்தது. அம்மா இறந்தார். கல்யாணம் ஆனது. போன இடம் ஆசாரமான குடும்பம். சலங்கை பெட்டிக்குள் போயிற்று. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்.

1973ல் கலை ரசிகர் ஒய்.ஜி. துரைசாமி அவரிடம் ஒரு கோரிக்கையோடு வந்தார். அலர்மேல் வள்ளி என்ற இளம் நர்த்தகிக்கு அபிநயம் சொல்லித்தர வேண்டும். கலாநிதிக்கு 45 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பதாண்டுகளாகக் கையைத் தூக்கி ஒரு முத்திரை பிடிக்காதவர். ஒப்புக்கொண்டார். அடுத்த நாற்பதாண்டுகளில் பரதநாட்டியம், ஒடிசி என்று பாணி வேறுபாடில்லாமல் நாட்டின் பெரிய கலைஞர்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் அவர் கலாநிதி மாமி. 1985ல் பத்மபூஷண் வந்தது. 2016 பிப்ரவரியில் காலமானார்.

அவர் மேடைக்குத் திரும்பி நர்த்தகியாக ஆடிப் பெயர் வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்குத் திரும்பக் கிடைத்தது நடனத்தின் ஒரு பகுதி. அடவும் ஜதியும் உடலைக் கேட்பவை. முழங்கால் தளர்ந்தால், மூச்சு வாங்கினால் அவை விலகிப் போகும். அபிநயம் அப்படியல்ல. காத்திருக்கும் பெண், கோபித்துக்கொள்ளும் பெண், ஏமாற்றம் தெரிந்தும் கதவைத் திறக்கும் பெண், பிள்ளையைத் தேடும் தாய் என்று பதங்களில் வருகிறவர்களை முகத்தில் கொண்டு வர, வாழ்ந்திருக்க வேண்டும். பதினாறு வயதில் சொல்லிக் கொடுத்தபடி காட்டிய பாவங்களை நாற்பத்தைந்தில் உள்ளிருந்து எடுத்துக்காட்ட முடிந்தது. சமையலறையிலும் பிரசவ அறையிலும் நோயாளியின் கட்டிலருகிலும் கழிந்த முப்பதாண்டுகள் கலையிலிருந்து தொலைந்த வருடங்கள் அல்ல என்று அவருடைய மாணவிகளின் முகங்கள் சொல்கின்றன.

ஆனால் இதை வைத்து, பெண்கள் காத்திருக்கலாம், அவசரமில்லை என்று முடிவு கட்டுவது தவறு. அந்த முப்பதாண்டுகளில் அவர் ஆடியிருக்கக்கூடிய நடனம் யாருக்கும் கிடைக்காமல் போனது. கலாநிதி காத்திருந்ததால் இழந்தது ஒன்று. புரோதிமா காத்திருக்க மறுத்ததால் கொடுத்த விலை வேறொன்று. இரண்டில் எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. இருவருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லலாம். தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க இருவரும் கண்ணாடி முன்னால் உட்காரவில்லை. ஒருவருக்கு ஒரு மாணவி வந்தாள். இன்னொருவருக்கு ஒரு குரு கிடைத்தார். செய்ய ஒரு வேலையும், அந்த வேலைக்கு ஓர் இடமும், தினமும் ஒரு நேரமும் அமைந்தன. நான் யார் என்ற கேள்விக்கான விடை, அந்த வேலையின் நடுவே எப்போதோ தானாக வந்து சேர்ந்தது.

அலுவலக உலகத்தில் கணக்கு வேறு. அங்கே பிள்ளை வளர்த்த வருடங்கள் விண்ணப்பத்தில் வெற்றிடமாக நிற்கின்றன. விஞ்ஞான நகரமான பெங்களூர் இதை நன்றாகவே அறியும். முனைவர் பட்டம் வாங்கி, ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டுக்குப் போன பெண்கள் ஒவ்வொரு அடுக்ககத்திலும் இருக்கிறார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03ல் பெண் விஞ்ஞானிகளுக்கென்று தனித் திட்டம் தொடங்கி, குடும்பத்துக்காக இடையில் விட்டவர்கள் திரும்பி வர ஆய்வு நிதி கொடுத்தது. தேவையான திட்டம்தான். ஆனாலும் அதன் மொழியில் அந்த வருடங்களுக்கு இடைவெளி என்றுதான் பெயர். அபிநயத்தைப் போல அவற்றையும் அனுபவமாகக் கணக்கில் எடுக்க விண்ணப்பப் படிவங்களுக்கு இன்னும் தெரியவில்லை. கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கணவரின் வேலைக்காகப் பெங்களூர் வந்து, பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பின் பகல் பொழுதுகளில் மௌனமாகிவிட்ட வீட்டில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இது புரியும். தொலைந்தது திறமை அல்ல. அதைக் கேட்டு வாசலில் வந்து நிற்க ஒரு துரைசாமி இல்லை.

நிருத்யகிராம் திறந்த அதே 1990ல் பெங்களூரின் இன்னொரு பெண்ணின் வாழ்க்கை ஒரே விடியலில் குலைந்தது. செப்டம்பர் 30ம் தேதி தாவணகெரே அருகே நடந்த கார் விபத்தில் கன்னட நடிகர் சங்கர் நாக் இறந்தார். அவருக்கு 35 வயது. ஆர்.கே. நாராயணின் மால்குடி கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்து நாடு முழுவதும் அறியப்பட்டவர். ஆட்டோ டிரைவராக நடித்ததால், பெங்களூர் ஆட்டோக்களின் முதுகில் இன்றும் அவர் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. உடன் பயணம் செய்த மனைவி அருந்ததி பலத்த காயங்களோடு பிழைத்தார். அவரும் நாடகக்காரர், வயது 34, ஒரு சின்னப் பெண்ணின் தாய்.

நாடகத்துக்கென்று ஒரு நல்ல அரங்கு வேண்டும் என்பது கணவன் மனைவி இருவரின் கனவு. அருந்ததி நாக் அதைக் கையில் எடுத்தார். 1992ல் சங்கேத் அறக்கட்டளை அமைந்தது. நிலத்துக்காக அரசிடம், நிதிக்காக நிறுவனங்களிடம், நண்பர்களிடம் என்று பத்தாண்டுகளுக்கு மேல் அலைச்சல். 2004 அக்டோபரில் ஜே.பி. நகர் இரண்டாம் கட்டத்தில் ரங்க சங்கரா திறந்தபோது அவர் வயது 48. மகள் வளர்ந்திருந்தாள்.

ஜெயநகரைத் தாண்டி, வீடுகளும் சின்னக் கடைகளும் நிறைந்த தெருவில் அந்த அரங்கு நிற்கிறது. 300க்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள். மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் பார்வையாளர்கள். எங்கே உட்கார்ந்தாலும் நடிகரின் மூச்சு கேட்கும். ஒரு நாளைக்கு ஒரு நாடகம் என்பது கொள்கை, திங்கட்கிழமை ஓய்வு. கன்னடம், ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று எல்லா மொழிகளுக்கும் இடம். குழந்தைகளுக்காக 2006ல் தொடங்கிய 'ஆஹா' நாடகத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து தரையதிரச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். வெளியே சிற்றுண்டிக் கடையில் நடிகரும் ரசிகரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அக்கி ரொட்டி சாப்பிடலாம்.

இங்கே கறாரான விதி ஒன்று உண்டு. குறித்த நேரத்துக்குக் கதவு மூடிவிடும். பிறகு வருகிறவர் மந்திரியானாலும் உள்ளே போக முடியாது. முதலில் முணுமுணுத்த பெங்களூர் இன்று பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்து வரிசையில் நிற்கிறது.

அருந்ததி நடிப்பையும் விடவில்லை. 2009ல் வந்த 'பா' இந்திப் படத்தில், தனியாகப் பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்ணுக்குத் துணை நிற்கும் அம்மாவாக நடித்துத் தேசிய விருது வாங்கினார். 2010ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

இந்த மூவருக்கும் சாதகமாக இருந்தவற்றையும் மறைக்கக் கூடாது. பெயர், தொடர்புகள், ஆங்கிலம், நகர வாழ்க்கை எல்லாம் இவர்களுக்கு ஓரளவு வாய்த்திருந்தன. காலையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு நடுவயதில் தன்னைத் தேட நேரமில்லை. எனவே எல்லோரும் இவர்களைப் போல் ஆகலாம் என்று சொல்வது பொய். ஆனால் ஹெசரகட்டாவில் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு ஒரு கூடம் கிடைத்தது. ஜே.பி. நகரில் எந்த மொழிக்காரருக்கும் ஒரு மேடை கிடைக்கிறது. சென்னையில் ஒரு தலைமுறையே அபிநயம் கற்றது. ஒரு தாய் தனக்கென்று ஏற்படுத்திக்கொண்ட இடத்தில் ஊரார் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். இவர்களின் இரண்டாம் வாழ்க்கையைச் சுயநலம் என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மெஜஸ்டிக்கிலிருந்து ஹெசரகட்டாவுக்கு நகரப் பேருந்து உண்டு. காலையில் போனால் பயிற்சி நடக்கும்போது பார்க்க முடியும். போகும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. மதியம் கிளம்பினால் நெரிசலைத் தாண்டி மாலை நாடகத்துக்கு ஜே.பி. நகர் வந்து சேரலாம். அம்மாவோடு போகிறவர்கள், திரும்பும் வழியில் அவரிடம் கல்யாணத்துக்கு முன்னால் என்ன கற்றுக்கொண்டிருந்தார் என்று கேட்டுப் பார்க்கலாம். பாட்டோ, கோலமோ, கணக்கோ, ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். ரங்க சங்கராவில் தாமதமாக வந்தால் கதவு திறக்காது. அந்த விதி அந்தக் கட்டடத்துக்கு மட்டும்தான்.